சேகர் கேட்டதும் நான் சொல்லாததும்

இன்று காலை எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம் மார்க்கெட் காப்பிக் கடையில் சேகர் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். மகனுக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கிறான்.

“மாமா, அந்தக் குடும்பத்த உங்களுக்கு நல்லாத் தெரியும். பொண்ணோட அம்மாவுக்கு மனநோய்னு டாக்டர் சொல்லி, மருந்து சாப்பிடுறாங்களாமே? சொல்லுங்க லா. உண்மைன்னா இந்தச் சம்பந்தம் வேணாம்.”

எனக்கு எழுத்து தெரியாது, இதையும் பெயர்களை மாற்றி மகள்தான் எழுதுகிறாள். ஆனால் பார்த்தது எதையும் மறக்கமாட்டேன். கல்யாணம் பேசுகிறவர்கள் அதனால்தான் என்னைத் தேடி வருகிறார்கள்.

பக்கத்து மேசையில் பேச்சு நின்றுவிட்டது. நான் அவன் காதருகே குனிந்தேன்.

“உங்கப்பா சிங்கப்பூர்ல வேலையா இருக்காருன்னு உங்கம்மா ரெண்டு வருசம் சொன்னாங்களே, நினைவிருக்கா? அவர் இருந்த மனநோய் ஆஸ்பத்திரிக்கு உங்கம்மாவ கூட்டிட்டுப் போனது நான்தான்.”

சேகர் காப்பியைத் தட்டில் சிந்திவிட்டான்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாமா.”

“நாப்பது வருசமா சொல்லல. யார் வீட்டு மருந்தப் பத்தியும் சொல்லமாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறார்களாம். என்னையும் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறான்.

பாசமா, பயமா? நீங்களே சொல்லுங்கள்.