யோர்க்கைவிட்டுப் போகாதவர்கள்

ரொறன்ரோவின் பழைய ஏரிக்கரைப் போர்க்களத்துக்கு ஞாயிறுதோறும் வருவோரில் பாதிப்பேர் ஜெயமலரைத் துப்புரவுப் பணியாளர் என்றே முதலில் எண்ணினர். கழிப்பறை எந்தப் பக்கம் என்று அவளிடந்தான் கேட்பார்கள். அவளும் கைகாட்டிவிட்டு, "பன்னிரண்டு மணிக்குப் போரைப் பற்றிய பேச்சு இருக்கிறது. பேசுபவள் நான்தான். பிந்தாமல் வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லியனுப்புவாள். கேட்டவர் முகம் சிவப்பதைப் பார்த்து ரசிக்கும் குணமும் அவளுக்கு உண்டு.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டின் கடைசியில் கனடா வந்து, டோர்செட் பார்க்கின் அடுக்குமாடியொன்றில் கணவர் குலசிங்கத்தோடு குடியேறினாள். கிழமை நாட்களில் முதியோர் இல்லமொன்றின் சலவைக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருந்தும் சுரங்க ரயிலும் ஏறி, நாற்பத்தைந்து வயதில், ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்றாம் ஆண்டுக்குப் போய்வந்தாள்.

ஒரு கேள்விதான் அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. வந்த புதிதில், ஆங்கில வகுப்புக்காரர் எல்லோரையும் பேருந்தில் ஏற்றி அந்தக் களத்தைக் காட்டப் போனார்கள். ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்றில் ரொறன்ரோ, பிரித்தானியர் ஆண்ட யோர்க் என்ற சிற்றூர். அமெரிக்கப் படை ஏரிவழியே வந்திறங்கியது. காத்துநின்ற பிரித்தானியத் தளபதி தோல்வி உறுதியென்று கண்டதும் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீயிடச் சொல்லிவிட்டுப் படையோடு கிங்ஸ்ரனுக்குப் புறப்பட்டார். வழிகாட்டி அத்தோடு கதையை முடித்தார்.

ஜெயமலர் கையை உயர்த்தினாள்.

"சனங்கள்?"

"எந்தச் சனங்கள்?"

"ஊரில் இருந்தவர்கள். படை போனபிறகு அவர்கள் என்ன செய்தார்கள்?"

வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்த்தார். பேருந்து காத்திருக்கிறது என்றார்.

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. ஸ்காபரோ நூலகத்தில், அகராதியை ஒரு கையிலும் பழைய கடிதங்களின் தொகுப்பை மறு கையிலும் வைத்துக்கொண்டு இரண்டு பனிக்காலங்களைக் கழித்தாள். படை கைவிட்ட ஊரில், ஒரு பாதிரியாரும் சில ஊர்ப்பெரியவர்களுமே பகைவரோடு நின்று சரணுடன்படிக்கை பேசினார்கள் என்று அறிந்தாள். வீடுகளைத் தொடமாட்டோம் என்று எழுதிக்கொடுத்த பிறகும் வீடுகள் சூறையாடப்பட்டதை அறிந்தாள். கரையிறங்கிய படையை முதலில் எதிர்த்து நின்றவர்கள் அந்த மண்ணின் ஆதிக்குடிகளே என்பதையும் அறிந்தாள். பிறகுதான் அக்களத்தில் பேச்சுகள் நடத்திவந்த நண்பர் மன்றத்தின் கதவைத் தட்டினாள். தொண்டர் பற்றாக்குறையால் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாண்டு கழித்து, தொண்ணூற்றேழு ஏப்ரல் இருபத்தேழாம் நாள் நினைவு விழாவில் தலைமைப் பேச்சை அவளுக்கே தருவதாக எழுதியும் கொடுத்தார்கள். போர் நடந்த அதே நாள். அவ்வாண்டு அது ஞாயிறாகவும் வாய்த்தது.

ஆனால் அதற்கு முந்திய ஒக்ரோபரில் அவள் ஒரு பிழை விட்டாள்.

ரொறன்ரோவில் நம்மவர் கூடும் மேடை எதுவானாலும், விளக்கேற்றி, மாண்டவர்க்காக ஒரு நிமிடம் எழுந்து நின்ற பிறகே பேச்சுத் தொடங்கும். போரைப் பற்றிய பேச்சு வேறெப்படியும் தொடங்கலாம் என்பது ஜெயமலருக்குத் தோன்றவே இல்லை. அந்த ஞாயிறு களத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. "எழுந்து நில்லுங்கள், இருபக்கத்திலும் மாண்ட அனைவருக்கும் ஒரு நிமிடம்" என்றாள். எழுந்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அமெரிக்கர் சிலர் தொப்பியையும் கழற்றினார்கள். வென்றவனைப் பாடிய வாயாலேயே வீழ்ந்தவன் புண்ணையும் பாடுவது பழந்தமிழ்ப் புலவர்க்கு இயல்பு. ஆயினும் அன்று வந்திருந்த ஒருவருக்கு, தம் முப்பாட்டனைச் சுட்ட கூட்டத்துக்காகத் தம்மை நிற்கவைத்தது பொறுக்கவில்லை. முறைப்பாடு எழுதிவிட்டார்.

மன்றத் தலைவர் பெப்ரவரியில் அவளை அழைத்தார். ஓய்வுபெற்ற பொறியியலாளர், நல்ல மனிதர், நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கையோடே பிறர் வாயை அடைப்பவர்.

"உங்கள் துயரம் எங்களுக்குப் புரிகிறது. அது அன்று தன்னையறியாமல் வெளிப்பட்டுவிட்டது. ஏப்ரலில் யோர்க் போரை வேறொருவர் பேசட்டும். நீங்கள் உங்கள் சொந்தப் போரைச் சொல்லுங்கள். கேட்பவர்கள் கண்கலங்குவார்கள்."

"நான் யாரையும் அழவைக்க வரவில்லை. யோர்க்கைப் பற்றிப் பேச வந்தேன்."

"இது எங்கள் நாட்டின் வரலாறு அல்லவா? இங்கே பிறந்து வளர்ந்தவர் சொன்னால் பொருத்தமாக இருக்கும்."

"உங்கள் முன்னோர் இந்தக் களத்தில் நின்றவர்களா?"

"இல்லை. நான் கிளாஸ்கோவில் பிறந்தவன். ஐம்பத்தாறில் வந்தேன்."

"அப்படியென்றால் வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறீர்கள், அவ்வளவுதானே?"

தலைவர் சிரித்தார். முடிவு மாறவில்லை.

வீட்டிலும் ஆறுதல் கிடைக்கவில்லை.

"உமக்கென்ன விசரே?" என்றார் குலசிங்கம். "வெள்ளைக்காரர் தங்களுக்குள்ளை அடிபட்ட சண்டைக்கு நீர் ஏனப்பா தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறீர்? எங்கடை கதையைக் கேக்கினம். சொல்லிப்போட்டு வாருமன்."

"சொல்லமாட்டன்."

"ஏன், சொல்லக் கதையில்லையே?"

"கதை கிடக்குது. அது என்ரை. ஆர் கேக்கோணும், எப்ப சொல்லோணும் எண்டு நான் முடிவெடுப்பன். அவையள் டோனட் திண்டுகொண்டு பாத்து அழுறதுக்கு நான் என்ன கண்காட்சிச் சாமானே? ரெண்டு வருசம் கண் நோகப் படிச்சனான். படிச்சதைப் பேசாதை, பட்டதை மட்டும் பேசு எண்டால், என்ரை மண்டைக்கை ஒண்டும் இல்லையெண்டுதானே அர்த்தம்?"

குலசிங்கம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "உந்த வாயோடை நீர் அண்டைக்கு யோர்க்கிலை இருந்திருந்தால், அமெரிக்கன் கப்பலைவிட்டு இறங்கியிருக்கமாட்டான்" என்றார்.

ஏப்ரல் இருபத்தேழு. குளிர் விட்டபாடில்லை. எண்பது பேர்வரை மடக்கு நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். அவள் மறுத்தும், நிகழ்ச்சித்தாளில் 'ஓர் அகதியின் குரல்' என்றே அச்சிட்டிருந்தது. இறுதி வரிசையில், தடித்த மேலங்கிக்குள் கழுத்தைப் புதைத்தபடி குலசிங்கம் இருந்தார். வரமாட்டேன் என்று காலையில் சொன்னவர்தாம்.

ஜெயமலர் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இதில் போட்டிருக்கும் பேச்சை இன்று யாரும் பேசமாட்டார்கள். நூற்று எண்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன், இதே நாளில், ஒரு படை இந்த ஊரைவிட்டுப் போனது. போனவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் போகாதவர்களைப் பற்றிச் சொல்கிறேன்."

கதவுக்குப் பின்னே பெட்டியை நகர்த்தி முட்டுக்கொடுத்த பெண்களைச் சொன்னாள். மையின் ஈரம் காயுமுன் முறிந்த வாக்குறுதியைச் சொன்னாள். எரிந்த பாராளுமன்றக் கட்டடத்தைச் சொன்னாள். கிடங்கு வெடித்துப் பறந்த கற்களின் கீழ் மாண்ட அந்நியப் படையினரும் யாரோ பெற்ற பிள்ளைகளே என்றாள். தலைவர் எழுந்து மேடையை நோக்கி இரண்டடி வைத்தார். உடனே கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்:

"விடாதையும்! சொல்லும்!"

எண்பது தலைகள் திரும்பின. தலைவர் தாழ்ந்த குரலில், "அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"இன்னும் பத்து நிமிடம் இருக்கிறதென்று நினைவூட்டுகிறார்" என்றாள் ஜெயமலர். அந்தப் பத்து நிமிடத்தையும் மிச்சமின்றி எடுத்துக்கொண்டாள்.

முடிவில், பஃபலோவிலிருந்து வந்த அம்மையார் ஒருவர் கனிவோடு எழுந்தார். "உங்கள் சொந்தப் போரைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லமாட்டீர்களா?"

"என் வீட்டுக்கு வாருங்கள் அம்மா. தேநீர் தருவேன், மனமிருந்தால் சொல்வேன். இங்கே நிற்கும்போது, இங்கே நடந்ததைக் கேளுங்கள்."

அம்மையார் தலையசைத்து அமர்ந்தார். முன்வரிசையில் ஒரு முதியவர் கைதட்டத் தொடங்கினார். எல்லோரும் தட்டவில்லை, பாதிப்பேர் தட்டினார்கள்.

நாற்காலிகளை அடுக்கும்போது தலைவர் அருகில் வந்தார். மே மாதப் பட்டியலில் அவள் பெயர் இல்லை என்றார். அதற்கடுத்த மாதத்திலும் இல்லையாம். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"நல்லது" என்றாள் ஜெயமலர். "வேலிக்கு வெளியே போகும் நடைபாதை, அது மன்றத்தினுடையதா?"

"இல்லை. நகரத்தினுடையது."

"பொதுவழிதானே?"

"பொதுவழிதான்."

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு, சேலைமேல் குளிரங்கியை அணிந்து அவள் அந்த நடைபாதையில் நின்றாள். நாய்களோடு நடந்தவர்கள், மிதிவண்டிக்காரர் இருவர், வேலிக்குள் போகவந்து திரும்பிய ஒரு குடும்பம் என ஏழுபேர் நின்றார்கள். ஒலிவாங்கி இல்லை. ஏரியைச் சுட்டிக்காட்டி, வேலிக்குள் இருப்பவர்க்கும் கேட்கும் குரலில் தொடங்கினாள்:

"அன்று கீழ்க்காற்று. அவர்கள் இறங்க நினைத்த இடம் வேறு. காற்று கப்பல்களை மேற்கே தள்ளியது. எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள்..."