வெயில் பெட்டியின் மூடி

உலகச் சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் கண்ணில் படாது. கிடைத்த பனைமட்டையும் உடைமுள்ளும் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். என் மனைவிக்கோ மூச்சு இழைப்பு. இனி அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். கப்பலில் வந்த என்ஜினீயர் ஒருவர், வெயிலிலேயே சோறாக்கும் பெட்டியைத் தாளில் வரைந்து காட்டியிருந்தார். தேயிலைப் பெட்டிக்குள் கரி பூசி, கண்ணாடி மூடி போட்டு முற்றத்தில் வைத்தேன். எங்கள் ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும், உச்சிக்குள் சோறு வெந்துவிட்டது.

குறை மூடியில்தான். சட்டியை எடுக்கும்போது மூடிக்கு ஒரு கம்பை முட்டுக் கொடுப்பாள். ஒருநாள் கச்சான் காற்றில் கம்பு சரிந்து, மூடி அவள் மணிக்கட்டில் விழுந்தது. அதன்பின் அந்தக் கை பழைய கையாகவே இல்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கப்பல் ஜன்னலிலிருந்து கழித்துப் போட்ட பித்தளைத் தாங்கி ஒன்றை அரத்தால் ராவி, மூடியின் பக்கவாட்டில் பொருத்தினேன். அதிலிருந்த திருகை இறுக்கினால் மூடி வைத்த இடத்தில் நிற்கும், எந்தக் காற்றுக்கும் அசையாது; தளர்த்தினால்தான் திறக்கும். தினமும் வேலைக்குப் போகுமுன் மூடியைச் சாத்தி நானே இறுக்கிவிட்டுப் போவேன்.

“எப்படி நிக்குது ஏளா?” என்று சாயங்காலம் கேட்பேன்.

“அசையாம நிக்குது” என்பாள்.

சேலையில் புகை வாடை அடித்தால் பக்கத்து வீட்டு அடுப்பு என்பாள். நம்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே மூடியைத் திறந்து சோறாக்கி, வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

அடுத்த மார்கழியில் இழைப்பு முற்றி அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகும் பழக்கதோஷத்தில் காலையில் திருகை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து, பெட்டியை எடுத்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் திருகைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு கையாலும் முயன்றாள்.

“எனக்கே திரும்பல அண்ணாச்சி. அந்தக் கைய வச்சிக்கிட்டு அவளுக்கு எங்க திரும்பும்?”

“பின்ன எதுல ஆக்குனா?”

“எங்க அடுப்புலதான். உங்ககிட்டச் சொல்லுன்னு எத்தனையோ தடவ சொன்னேன். அவதான், ஆசையா செஞ்சு வச்சிருக்காவ, எப்படிச் சொல்லதுன்னுட்டா.”

என் கைகளை எனக்குப் பிடிக்காமல் போனது அன்றுதான். பெட்டியைக் கொடுத்தாக வேண்டுமே என்று திருகைப் பிடித்தேன். இரண்டு விரலுக்குத் திரும்பிவிட்டது.