தெற்குக் கோபுரம், புதன்கிழமை, மூன்றரை மணி

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சிதம்பரம் தெற்குக் கோபுரம். தெற்கு சன்னதித் தெருவின் நட்டநடுவில் நின்று எடுத்தது. பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல படம் என்றுதான் சொன்னார்கள். நான்தான் அதை யாருக்கும் காட்டுவதில்லை. பீரோவின் அடித்தட்டில் பழைய வேட்டியில் சுற்றிக் கிடக்கிறது. வீட்டில் யாராவது கேட்டால் பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பொய்தான்.

அறுபதுகளில் திருப்பாதிரிப்புலியூரில் என் அக்கா வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ரயிலடியிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் கடை. மாமா படம் எடுப்பார், நான் டச்சிங் செய்வேன். டச்சிங் என்றால் வேறொன்றுமில்லை. நெகட்டிவைச் சாய்வுக் கண்ணாடிமேல் வைத்து, ஊசிமாதிரி சீவிய பென்சிலால் முகத்திலுள்ள அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பு எல்லாவற்றையும் மூடுவது. ஊரில் பாதி மாப்பிள்ளைகள் என் கையால் சிவந்தவர்கள். அதோடு என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். படங்களை ஒட்டும் வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் பெயர் எழுதுவதும் என் வேலை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கர்வத்துக்குக் குறைவே இல்லை. கல்யாண ஜோடிகளையும் மொட்டையடித்த குழந்தைகளையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஊரிலுள்ள பழைய கட்டடங்களை எடுக்க ஆரம்பித்தேன். மஞ்சக்குப்பம் மணிக்கூண்டு, பழைய பட்டினத்தில் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகள், தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் மிஞ்சிய சுவர்கள், கெடிலத்துப் பாலம். அப்புறம் ரயிலேறிச் சிதம்பரத்துக்கும் போக ஆரம்பித்தேன். மாமா கேமராவைக் கொடுத்துவிடுவார், கிண்டலையும் சேர்த்துத்தான் கொடுப்பார்.

“கட்டடத்துக்கா மச்சான் கல்யாணம்? எதுக்கு இத்தினி படம்?”

நான் கேமராவை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கட்டடத்தின் முன்னால் மனிதர்கள் வந்து நிற்பதே எனக்குப் பிடிக்காது. தெருவில் காலை அகட்டி நின்றுகொண்டு மாட்டுவண்டிக்காரனைத் திட்டுவேன், சைக்கிளில் வருகிறவரைக் கைகாட்டி நிறுத்துவேன். அவர்களுக்குச் சொந்தமான தெருவில் அவர்களையே ஓரம்போகச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஒரு நீளவாட்டு நோட்டு வைத்திருந்தேன். எந்த இடம், என்ன தேதி, என்ன கிழமை, எத்தனை மணி, வெயில் எப்படி என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுவேன். பிறகு அதையே அட்டையில் படத்துக்குக் கீழே எழுதுவேன். இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை என்பது எனக்குப் பெரிய பெருமை.

தெற்குக் கோபுரத்துக்காக அந்தத் தை மாதத்தில் இரண்டு முறை போனேன். ஒருமுறை மேகம் மூடிக்கொண்டது, சும்மா திரும்பினேன். இன்னொருமுறை வெயில் பளிச்சென்று அடித்தது. கோபுரத்துப் பொம்மைகள் ஒவ்வொன்றின் நிழலும் தனித்தனியாகத் தெரிந்தது. இடது ஓரத்தில் சோடாக்கடை. அதன் முன்னால் ஒரு பெண், பாவாடை தாவணியில், மார்போடு புத்தகத்தை அணைத்துக்கொண்டு நின்றாள். ஓர் இளைஞன் அவளிடம் சோடா நீட்டிக்கொண்டிருந்தான். வழக்கமாக விரட்டியிருப்பேன். அன்று விரட்டவில்லை. அவ்வளவு சின்னதாக இரண்டு பேர் கீழே நின்றால்தான் கோபுரத்தின் உயரம் தெரியும் என்று தோன்றியது. எடுத்துவிட்டேன்.

பெரிதாகப் போட்டு, அட்டையில் ஒட்டி, “தெற்குக் கோபுரம், சிதம்பரம். புதன்கிழமை, மாலை 3.30” என்று தேதியோடு எழுதி, ஸ்டுடியோ வாசலிலிருந்த கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் உள்ளே டச்சிங் மேசையில் குனிந்தபடி ஓரக்கண்ணால் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் சாயங்காலம் அந்தப் பெண்ணே ஸ்டுடியோவுக்குள் வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவிலேயே பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள். தினமும் காலைப் பாசஞ்சரில் சிதம்பரம் போய் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கடையைத் தாண்டித்தான் ரயிலடிக்குப் போவாள். படமெடுத்தபோது எனக்கு அவள் ஆளாகவே தெரியவில்லை, அளவாகத்தான் தெரிந்தாள். மாமா ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான்.

“சார், அந்தக் கோபுரத்துப் படத்துல கெழம தப்பா போட்டுருக்கீங்க” என்றாள். “நாங்க போனது சனிக்கெழம. அன்னிக்கு அரநாள்தான் காலேஜ். என் பிரண்டு, அவ அண்ணன், நான், மூணு பேரும் கோயிலுக்குப் போனோம். அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். பிரண்டு பூ வாங்க அந்தாண்ட போயிருந்தா, அதான் படத்துல இல்ல.”

நான் பென்சிலைச் சீவியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்பா படத்தப் பாத்துட்டாரு. புதன்கெழம மூணர மணிக்குக் கிளாசுல இல்லாம அங்க என்ன வேலங்கறாரு. நான் என்ன சொன்னாலும் அட்டையில போட்டுருக்குதேங்கறாரு. நாளைக்கு உங்களயே கேக்க வராராம். நீங்க நோட்டுல எழுதுவீங்களாமே, அத ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க சார்.”

நோட்டு வீட்டில் இருந்தது. வீட்டுக்கு ஐந்து நிமிஷ நடை. ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் அட்டையில் தப்பு என்கிறாளா? வீட்டில் மாட்டிக்கொண்டு, என்னைப் பொய் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

“பாக்கவே வேணாம்மா. நான் எழுதினா எழுதினதுதான். முகத்துல வேணா கைவெப்பேன், தேதியில கைவெக்க மாட்டேன்.”

அவள் அழவில்லை. “அழிக்கச் சொல்லல சார். பாக்கத்தான் சொல்றேன்” என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்தேன். அவளுக்காக அல்ல, நான் சொன்னதுதான் சரி என்று எனக்கே காட்டிக்கொள்வதற்காக. இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே: தெற்குக் கோபுரம், புதன், 3.30, மேகம், எடுக்கவில்லை. கீழே: தெற்குக் கோபுரம், சனி, 3.30, நல்ல வெயில், எடுத்தேன். அட்டை எழுதும்போது என் கண் ஒரு வரி மேலே போயிருக்கிறது. அவ்வளவுதான். வெயிலைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய எனக்கு, மேகம் மூடிய புதன்கிழமையில் அந்த நிழல்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தோன்றவில்லை. காலையில் அவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது சத்தியம்.

காலையில் அவருக்கு முன்னால் வேறொருவர் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பொறியாளர். ஜில்லாவிலுள்ள பழைய கட்டடங்களைப் பற்றி ஒரு மலர் போடப் படங்கள் தேடிக்கொண்டிருந்தவர். மாமா அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, கண்ணாடிப் பெட்டியிலிருந்த படங்களையெல்லாம் மேசைமேல் பரப்பினார். அவர் தெற்குக் கோபுரத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

“படம் எவன் வேணும்னாலும் எடுப்பான் தம்பி. கீழ இந்த ஒரு வரி இருக்குது பாருங்க, அதான் பெரிசு. நம்ம ஜனங்ககிட்ட இல்லாதது இதுதான்” என்றார்.

மாமா என்னைப் பார்த்த பார்வையில் அன்றுதான் முதல்முறையாகக் கிண்டல் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பாத்திரக்கடைக்காரர் படியேறி வந்தார். சட்டைப் பையில் கடைச் சாவிக்கொத்து கனத்துத் தொங்கியது.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். இந்தப் படம் புதன்கெழம எடுத்ததுதானா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பொறியாளர் சிரித்துக்கொண்டே, “தேதி விஷயத்துல இவரு எமகாதகன்” என்றார். மாமாவும் தலையை ஆட்டினார். பாத்திரக்கடைக்காரர் இருவரையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். அவருடைய மகள் சொன்னது சரியாக இருக்கவேண்டும் என்றுதான் அந்த மனிதர் விரும்பினார். அது முகத்திலேயே தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை, ‘சனி’ என்று சொன்னால் போதும்.

“ஆமாங்க” என்றேன்.

“சரி தம்பி. வேல நேரத்துல வந்து தொந்தரவு குடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் அவர் கடைக்குப் போனேன். தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் யாருக்கோ குத்துவிளக்கைப் பேப்பரில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். என்ன வேணும் தம்பி என்றார். ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இப்படியும் ஒருவன் இருப்பானா என்று கேட்டால், இருந்தேன். அந்த டம்ளரில்தான் அக்கா வெகுநாள் எனக்குக் காப்பி கொடுத்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து காலைப் பாசஞ்சருக்கு அவள் போகவில்லை. படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று மாமாதான் சொன்னார். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை காட்டுமன்னார்கோயில் பக்கம், ரைஸ்மில் வைத்திருக்கும் குடும்பம். படமெடுக்க மாமா போனார். எனக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். ஆனால் நெகட்டிவ் என் மேசைக்கு வந்துதானே ஆகவேண்டும். மாலையும் கழுத்துமாக நின்ற அவள் முகத்தைத் தலைகீழ் வெளிச்சத்தில் பார்த்து, கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருப்பைப் பென்சிலால் மூடினேன். அழகாக மூடினேன். ஆல்பத்தைப் பார்க்கிறவர்களுக்கு அவள் சந்தோஷமாக இருந்ததாகத்தான் தெரியும்.

அந்த வேலை முடிந்த அன்று புதிய அட்டை எழுதினேன். சனிக்கிழமை என்று போட்டேன். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தைக் கண்ணாடிப் பெட்டியில் திரும்ப வைத்தேன். யாருக்கும் தெரியாமல் செய்த காரியம். பெரிய பிராயச்சித்தம் செய்துவிட்டவனைப்போல அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனி மாதத்தில் பாத்திரக்கடைக்காரர் ஆல்பம் வாங்க வந்தார். வாசலில் கண்ணாடிப் பெட்டி முன்னால் அவர் நிற்பது உள்ளேயிருந்து தெரிந்தது. வெகுநேரம் நின்றார். உள்ளே வந்தபோது ஆல்பத்தைக் கேட்கவில்லை.

“அட்டைய மாத்திட்டீங்களா தம்பி?”

“ஆமாங்க. அப்ப தப்பா எழுதிட்டேன்.”

“எப்பத் தெரியும்?”

“இப்பத்தாங்க, நோட்டப் பாத்தப்ப” என்றேன். மறுபடியும் பொய்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று எதிர்பார்த்தேன். ஏன், அடிக்கமாட்டாரா என்று ஏங்கினேன் என்றே சொல்லலாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நான் பொண்ணு மேல கைநீட்டிட்டேன் தம்பி. பொறந்ததுலேருந்து அடிச்சதில்ல. பொய் சொல்றாளேன்னு அடிச்சேன்.”

கையிலிருந்த பென்சிலை மேசைமேல் வைத்தேன்.

“ஆடிக்கு அழைச்சிட்டு வரணும். இந்த வழியாத்தான் வருவா. அவ அம்மாவும் வருவா. இது கண்ணுல பட்டா நான் வீட்டுல தலநிமிந்து உக்கார முடியாது. பழசு மாதிரியே புதன்னு எழுதி வெச்சிடுங்க தம்பி. ஆனது ஆயிடுச்சு.”

படத்தையே எடுத்துவிடுகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. மலருக்காகப் பொறியாளர் அதே படத்தைத்தான் கேட்டிருந்தார் என்பது ஞாபகத்தில் இருந்தது. மைக்கூட்டைத் திறந்து புது அட்டையில் எழுதினேன். புதன்கிழமை. அவர் மை உலரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுத்து முதலில் எழுதியதைவிட நன்றாகவே வந்திருந்தது. ஆல்பத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, வரேன் தம்பி என்று போனார்.

ஆடியில் ஒருநாள் முற்பகல். புதுப் புடவையும் கழுத்தில் புதுத் தாலிக்கயிறுமாக அவள் வாசலில் நிற்பதைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்திருந்தாள். படத்தைப் பார்க்கவில்லை, கீழே அட்டையைத்தான் படித்தாள். நிமிர்ந்து படியில் கால் வைப்பதற்குள் நான் எழுந்து இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

“வாம்மா, எப்ப வந்தே?” இது மாமா.

“நேத்து வந்தேன் மாமா. சார் இல்லீங்களா?”

“இங்கதான் இருந்தான். என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. ஒரு நோட்டப் பாக்கச் சொல்லியிருந்தேன். பாத்தாரான்னு கேக்கலாம்னு வந்தேன்.”

மாமா கதவைத் தட்டினார். “மச்சான், என்னமோ நோட்டாமே, பாத்தியான்னு கேக்குது. செத்த வெளியில வந்துட்டுப் போ.”

இருட்டறைக் கதவுக்கு ஒரு வசதி உண்டு. உள்ளே பிலிம் கழுவும்போது திறந்தால் எல்லாம் வெளுத்துப்போகும், அதனால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

“பிலிம் கைல இருக்கு மாமா, இப்பத் தொறக்க முடியாது” என்றேன்.

“வேலையா இருக்கான்மா” என்றார் மாமா.

“சரி, பரவால்ல” என்றாள். அவள் படியிறங்கும் கொலுசுச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் நான் வெகுநேரம் கதவைத் திறக்கவில்லை. அன்று கழுவுவதற்குக் கடையில் ஒரு பிலிம்கூட இல்லை.