முசியே தில்லையம்பலம்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். கெஞ்சிக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. பேய், பிசாசு என்று அலைகிற ஆளும் நானில்லை. ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் ஃபோன் எடுப்பதும், தமிழைப் பிரெஞ்சில் சொல்வதும், நேரம் குறித்து வைப்பதும்தான் என் வேலை. இதில் வரும் நேரமெல்லாம் என் டயரியில் இருக்கிறது.

எங்கள் அலுவலகம் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில். அங்கே நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான். நானும், வழக்கறிஞர் இம்மாகுலேற்றும். இங்கே வழக்கறிஞரை ‘மேத்ர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். பொய்யாக ஒரு வரி எழுதச் சொன்னால் போதும், கோப்பைத் தூக்கிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். நல்ல குணம்தான். கூட வேலை செய்கிறவளுக்குத்தான் உயிர் போகும்.

அவர்மேல் ஒருவருக்குத் தீராத வன்மம். பெயர் தில்லையம்பலம். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். அவருடைய குசினியில் அடுப்பு வேலை செய்த ஒருவருக்குக் கொதி எண்ணெய் கொட்டி இரண்டு கைகளும் வெந்துபோயின. “இந்த ஆளை நான் கண்டதே இல்லை” என்று கோர்ட்டில் சாதித்தார் தில்லையம்பலம். மேத்ர் எழுந்து ஒரு படத்தைக் காட்டினார். ரூ பஜோல் கோயில் தேர்த் திருவிழாவன்று எடுத்தது. கடைப் பெயர் போட்ட டீசேர்ட்டோடு அந்த ஆள் மோர் ஊற்றுகிறார். அவருடைய தோளில் கைபோட்டபடி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் தில்லையம்பலம். கோர்ட்டே சிரித்ததாம்.

அந்தச் சிரிப்பை மனுசன் மறக்கவில்லை. கடையை ஒரேயடியாகப் பூட்டிய பிறகு தினமும் மாலை 17:10க்கு எங்கள் கட்டட வாசலுக்கு வருவார். இன்டர்ஃபோனில் எங்கள் பொத்தானை அமத்துவார். “உன்ரை படியிலை ஒருத்தரையும் ஏற விடமாட்டன்” என்பார். போய்விடுவார். இது நான் வேலைக்குச் சேர முன்பு நடந்தது. மேத்ர் சொல்லித்தான் தெரியும்.

போன டிசம்பர் 8, திங்கட்கிழமை. 17:10. வெளியே இருட்டிவிட்டது. இன்டர்ஃபோன் அடித்தது. எடுத்தேன். பேச்சில்லை. எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

செவ்வாய், 17:10. அதே மணி. அதே பொரியல் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

எனக்கு விசர் வந்தது. புதன் காலை, இன்டர்ஃபோன் திருத்துகிற தியரியைக் கூப்பிட்டேன். வந்தார். அமத்தினார். மணி அடித்தது. “எல்லாம் சரி” என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். என்ன சரி? அன்றைக்கும் 17:10க்கு அடித்தது!

“மேத்ர், அந்த மனுசன் திரும்பவும் தொடங்கிட்டார்.”

“ஆர்?”

“வேறை ஆர், தில்லையம்பலம்தான்.”

மேத்ர் கண்ணாடியைக் கழற்றினார். “கோசலை... அவர் மார்ச்சிலை செத்துப்போனார். திரான்சியிலை செத்தவீட்டுக்கு நானும் போனனான். சொந்தக்காரர் வாசலிலை மறிச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டினம்.”

“கோதாரி விழுந்த வயர்” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் வியாழன், டிசம்பர் 11. காலை 9:40க்கு ஒரு இளம் குரல் ஃபோனில் வந்தது.

“அக்கா, என்ரை அகதி மனுவை மறுத்துப்போட்டாங்கள். அப்பீல் போட இண்டைக்குத்தான் கடைசி நாள். விட்டால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“கடைசி நாள் வரைக்கும் என்ன செய்தனீர்?”

“பயமாக் கிடந்தது. லோயர் அம்மா என்னை ஏசுவாவோ எண்டு. நான் தனூஜன்... அப்பா பேர் தில்லையம்பலம்.”

அப்பா பெயரை மறுபடி சொல்லச் சொன்னேன். அதேதான்.

தகப்பன் செத்தபிறகு, மே மாதம் ஊரிலிருந்து வந்தவனாம். மேத்ரிடம் சொன்னேன். “மகன் என்ன செய்தவன்? மறுப்புக் கடிதத்தோடை அஞ்சு மணிக்கு வரச் சொல்லு. கையெழுத்து வாங்கி, தபால் பூட்ட முதல் அனுப்புவம்” என்றார்.

இந்த நாட்டில் எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர். தனூஜனை எந்த அதிகாரியும் தனூஜன் என்று கூப்பிட மாட்டார். கோப்பில் அவன் முசியே தில்லையம்பலம், அதாவது திரு. தில்லையம்பலம். அப்படியே எழுதி வைத்தேன்.

17:00. வரவில்லை.

17:08. ஃபோன் பண்ணினேன். பதிவுக் குரல்தான் வந்தது. நல்லாய் ஏசினேன், பதிவுக் குரலைத்தான்.

17:10. மணி அடிக்கவில்லை. மூன்று நாளாக அடித்த மணி அன்றைக்கு மட்டும் அடிக்கவில்லை.

17:15. நானாகவே ரிசீவரைத் தூக்கினேன். பையன் வாசலில் நிற்கிறானோ என்று கேட்கத்தான்.

பொரிகிற சத்தம்...

பிறகு ஒரு ஆண் குரல்.

“ஆர்?”

கீழே நிற்கிறவர்... மேலே இருக்கிற என்னைக் கேட்கிறார்.

“நீங்கள் ஆர்?” என்றேன்.

“லோயர் ஒபிஸ்.”

ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினேன். மூன்று மாடி. கதவைத் திறந்தேன்.

ஒருவரும் இல்லை.

எங்கள் பொத்தானில் எண்ணெய் விரல் அடையாளம்...

தொட்டேன்.

சுட்டது.

18:00க்குத் தபாலகத்தைப் பூட்டிவிட்டார்கள். நாள் போய்விட்டது.

சனிக்கிழமை 11:20க்குத்தான் தனூஜன் ஃபோன் எடுத்தான். “அறிவிருக்கே உமக்கு? ஒரு மனுசி உமக்காக இருந்து காய்ஞ்சவ!” என்று கத்தினேன்.

“வந்தனான் அக்கா. பஸ் பிந்தி அஞ்சு பத்து ஆச்சுது. இன்ரபோனை அமத்தினனான். ஆம்பிளை ஒருத்தர் எடுத்தவர்.”

“எங்கடை ஒபிஸிலை ஆம்பிளையே இல்லை!”

“இப்ப தெரியும் அக்கா.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான்.

“பேர் கேட்டவர். சொன்னனான். ‘லோயர் உன்ரை கேஸ் எடுக்கமாட்டா, நீ ஆற்ரை மகனெண்டு அவவுக்குத் தெரியும்’ எண்டார். ‘ஐயா, இண்டைக்குத்தான் கடைசி நாள்’ எண்டு கும்பிட்டுக் கேட்டன்.”

“அதுக்கு?”

“‘தெரியும் புலுனி. வீட்டை போ’ எண்டார்.”

“அது என்ன புலுனி?”

“சின்னனிலை ஓயாமல் கதைப்பனாம், குருவி மாதிரி. அப்பா மட்டும்தான் அப்பிடிக் கூப்பிடுறவர். இஞ்சையிருந்து போன் எடுத்தாலும் அதுதான்.” அவன் அழத் தொடங்கினான். “மகனெண்டு தெரிஞ்சும் ஏனக்கா துரத்தினவர்?”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

திங்கட்கிழமை மேத்ர் பிந்திய அப்பீலை எழுதினார். தாமதத்துக்குக் காரணம் கேட்டு அதில் ஒரு பெட்டி இருந்தது.

“காய்ச்சல் எண்டு எழுதுங்கோ மேத்ர். ஆரும் அதைத்தான் எழுதுவினம்.”

“காய்ச்சல் வந்ததே?”

“இல்லை.”

“அப்ப எழுதமாட்டன். வாசலிலை மறிச்சது நடந்தது. ஆர் மறிச்சதெண்டும் அவன் சொல்லுறான். அதைத்தான் பேரோடை எழுதுவன்.”

எழுதினார். கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. பதில் வரும்வரை ஐந்து வாரமும் 17:10க்கு மணி அடித்தது. நாங்கள் எடுக்கவில்லை.

ஜனவரி 22 அன்று கோர்ட்டின் பதில் வந்தது. நான்தான் உடைத்து, தமிழில் வாசித்துச் சொன்னேன், பையன் எதிரே இருந்தான்.

“முசியே தில்லையம்பலத்தை வாசலில் தடுத்தவர் முசியே தில்லையம்பலம் என்று மனுவில் கூறப்பட்டுள்ளது. அதாவது மனுதாரர் தன் விருப்பத்தின்படியே திரும்பிப் போயிருக்கிறார். மனு நிராகரிக்கப்படுகிறது.”

மேத்ர் கடிதத்தை வாங்கி மறுபடி மறுபடி வாசித்தார். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அன்று 17:10க்கு மூன்று பேரும் இன்டர்ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த நேரத்துக்கு அது அடித்ததே இல்லை.