நூறு மீற்றர் பதக்கம்

சித்தப்பா மெல்பேர்னுக்கு வருவதற்கு முன்பே அவருடைய பதக்கம் எங்கள் கிரான்பர்ன் வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மாவின் சேலைகளுக்கு அடியில், ஒரு பழைய லேஞ்சித் துணியில் சுற்றிக் கிடந்தது. ஊரில் நடந்த போரில், ஷெல்லடிக்குள் காயப்பட்ட இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராகத் தோளில் சுமந்து வந்ததற்காகச் சித்தப்பா இருந்த போராளி இயக்கம் கொடுத்ததாம். அம்மாதான் சொன்னாள். வெளியில் சொல்லாதே என்றும் சொல்லியிருப்பாள். எட்டு வயதில் எனக்குப் பிடித்த பாதிதான் காதில் ஏறும்.

போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளுக்கு முன், குடும்பத்தில் யாராவது போருக்குப் போயிருந்தால் அவர்களுடைய பதக்கத்தை வலது நெஞ்சில் குத்திக்கொண்டு வரலாம் என்றார் டீச்சர். நானும் குத்திக்கொண்டு போனேன். கதையைச் சொன்னேன். வகுப்பே கைதட்டியது. பள்ளிச் செய்தித்தாளுக்கென்று டீச்சர் படமும் எடுத்தார். தலைகால் தெரியாத சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து சொன்னால், ஒருவரும் சிரிக்கவில்லை.

"பேப்பரிலை வந்தால் இவனைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்," என்றார் அப்பா. சித்தப்பா படகில் வந்தவர். விசா வழக்கு இன்னும் முடியவில்லை; இயக்கத்தில் இருந்தவர் என்று தெரிந்தால் விசா கிடைக்காது. வீரம் என்று வீட்டில் சொன்னது வாசலைத் தாண்டியதும் எப்படிக் குற்றமாகிறது என்று நான் குழம்பிப்போனேன்.

மறுநாள் காலை அப்பாவும் சித்தப்பாவும் என்னோடு பள்ளிக்கு வந்தார்கள். அது ஓட்டப்பந்தயப் பதக்கம், பிள்ளை பிழையாக விளங்கிக்கொண்டாள் என்று அப்பா டீச்சரிடம் சொன்னார். பதக்கத்தில் இருந்த தமிழை அங்கே வாசிக்க ஆளில்லை. டீச்சர் சித்தப்பாவின் வளைந்த இடக்காலைப் பார்த்தார். சித்தப்பா வெட்கப்பட்டவர்போலச் சிரித்து, "நூறு மீற்றர்," என்றார்.

டீச்சர், நேற்று எடுத்த படம் சரியாக விழவில்லை, அழித்துவிட்டேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தின நாள் அதே படத்தை என்னிடம் காட்டி, வெகு அழகு என்று சொன்னவர் அவர்தான். பெரியவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் பொய் சொல்ல, பொய்க்காரி என்ற பெயர் எனக்கு.

வகுப்புக்குப் போகமாட்டேன் என்று வாசலில் அடம்பிடித்தேன். அப்பா கார் எடுக்கப் போயிருந்தார். சித்தப்பா சிரமப்பட்டுக் குனிந்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"பிள்ளை, நேற்றுக் கதையைச் சொல்லேக்கை கைதட்டினவையோ?"

"ஓம்."

"எல்லாருமோ?"

"ஓம். டீச்சரும்."

"கனநேரம் தட்டினவையோ?"

ஓம் என்றேன். அவர் என் கையை விடவே இல்லை. நான் சொன்ன கதை பொய் என்றால் கோபிக்கலாம், மெய் என்றால் பெருமைப்படலாம்; இப்போதுதான் தன் வாயாலேயே இல்லையென்று சொல்லிவிட்டு வந்த ஒன்றுக்கு விழுந்த கைதட்டலை இந்த மனிதர் ஏன் இப்படித் திருப்பித் திருப்பிக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.