மைக் என் கையில், சிங்களம் இந்திராணி அக்காவிடம்

போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். முடிகிற நேரத்தில் நன்றி சொல்ல யாராவது வாருங்கள் என்று அதிபர் கூப்பிட, பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். மைக்கை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அந்த மணம் வந்தது. பழைய மைக்குகளுக்கென்று ஒரு மணம் உண்டு. இரும்பு, தூசி, வெற்றிலை, நமக்கு முன்னால் அதில் பேசிய அத்தனை பேரின் மூச்சு. நான் நன்றியை மறந்து சிரித்துவிட்டேன். அதிபர் ஒரு மாதிரிப் பார்த்தார். அவரிடம் விளக்க முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, வந்த பெறுபேற்றை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டில் இருந்தேன். தலவாக்கலை டவுனில் ஒரு புடவைக்கடையின் மாடியில் முதலாளி ஒருவர் சுற்றுலாத் தொழில் தொடங்கியிருந்தார். ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் புத்தரின் பல் வைத்திருக்கிற கண்டித் தலதா மாளிகையின் படம். அவ்வளவுதான் ஆபீஸ். 'ஒரே நாளில் கண்டி: கோயிலும் விகாரையும், பகல் சாப்பாட்டோடு' என்று மஞ்சள் தாளில் நோட்டீஸ் அடித்து, தேயிலைத் தோட்டம் தோட்டமாகக் கொடுத்திருந்தார். இடங்களைப் பற்றிச் சொல்ல, ஓய்வுபெற்ற சிங்கள வாத்தியார் ஒருவரைப் பிடித்துவிட்டார். விமலசேன மாத்தயா. மாத்தயா என்றால் ஐயா. வரலாறு அவருக்கு விரல் நுனியில். ஆனால் தமிழில் 'வணக்கம்', 'சாப்பாடு' இரண்டும்தான் தெரியும். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"சிங்களம் தெரியுமாம்மா?" என்று கேட்டார் முதலாளி.

"நல்லாத் தெரியும் சேர்."

எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸுக்கும் மரக்கறிக் கடைக்கும் போதுமானது. கீயத என்று விலை கேட்பேன். குறைக்கச் சொல்வேன். இறங்கும் இடம் வந்தால் சத்தம் போடுவேன். அதற்கு மேல் யாராவது பேசினால் "ஹரி, ஹரி" என்று, சரி சரி என்கிற மாதிரி, தலையாட்டுவேன். இந்த மூலதனத்தோடு ஒரு நாட்டின் வரலாற்றை மொழிபெயர்க்கப் புறப்பட்ட என் துணிச்சலை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

முதல் பயணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூண்டுலோயா பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து பஸ்ஸைப் பேசியிருந்தார்கள். ஆண்கள் யாரும் வேண்டாம் என்பது அவர்களே போட்ட நிபந்தனை. விடிவதற்குள் குளித்து, கனகாம்பரம் வைத்து, பெட்டியில் இருந்து எடுத்த சேலையில் பாச்சை உருண்டை மணக்க ஏறினார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது வாய் திறக்காதவர்கள், தவலந்தென்னைச் சந்தி வருவதற்குள் பஸ்ஸின் கூரை பறக்கிற மாதிரி பாடினார்கள். புசல்லாவை வளைவுகளில் பாட்டு நின்றது. பாதிப் பேர் எலுமிச்சங்காயை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் எனக்குத் தெரிந்த சிங்களச் சொற்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் இடம் கடலாதெனிய விகாரை. கற்பாறை மேல் கல்லாலேயே எழுப்பிய கோயில். தூணையும் வாசலையும் பார்த்ததுமே முன்னால் நின்ற ஒருத்தி, "அடியே, இது நம்ம கோயிலு மாதிரியில்ல இருக்கு" என்றாள். விமலசேன மாத்தயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூன்று நிமிடம் அழகாகப் பேசினார். பேசி முடித்து என்னைப் பார்த்தார். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் இருந்து கையோடு கொண்டுவந்த பெட்டி மைக்கை வாயில் வைத்தேன்.

"இது ரொம்பப் பழைய விகாரை" என்றேன்.

மாத்தயா மறுபடி பேசினார். "ரொம்ப ரொம்பப் பழசு" என்றேன்.

அவர் மூன்றாம் முறை பேசியபோது 'அவுருது' என்ற ஒரு சொல் என் காதில் விழுந்தது. கடவுளே தந்த சொல் என்று பிடித்துக்கொண்டேன். அவுருது என்றால் எங்களுக்கு ஏப்ரல் மாதத்து வருடப் பிறப்பு. "இதை வருசப் பிறப்புக்காகக் கட்டியிருக்காங்க."

"எந்த வருசப் பொறப்புக்கு மிஸ்?" என்று ஒரு குரல்.

"எல்லா வருசப் பிறப்புக்கும்."

கூட்டம் பக்தியோடு தலையாட்டியது. ஒரே ஒருத்தி மட்டும் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அவளைப் பஸ்ஸிலேயே கவனித்திருந்தேன். நாற்பது வயதிருக்கும், பெயர் இந்திராணி. மாத்தயா வேடிக்கையாக எதையாவது சொல்லும்போது, நான் வாய் திறப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிறவள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

செருப்பு மாட்டும் இடத்தில் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"தங்கச்சி, அவுருதுன்னா வருசமுந்தான். அறுநூறு வருசத்துக்கு முந்திக் கட்டினதுன்னாரு. இந்தியாவுலருந்து தெக்கத்திச் சிற்பிங்க வந்து செஞ்சதாம். அதான் நம்ம கோயிலு மாதிரி இருக்கு."

எனக்குக் காது சுட்டது. "அக்கா, மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்."

"நான் ஏன் சொல்றேன்? பஸ்ஸுல ஒனக்குப் பின்னால ஒக்காந்துக்கிறேன். அவரு சொல்றத மெதுவாச் சொல்றேன், நீ சத்தமாச் சொல்லு." ஒரு வாரைப் பூட்டி முடித்துவிட்டு, நிமிராமலே சொன்னாள். "ஆனா எனக்கு ஒரு காரியம் ஆகணும். கண்டியில சாப்பிட விடுற நேரத்துல ஒரு வீட்டுக்கு வரணும் நீ. தனியா போக எனக்குத் தெம்பு இல்ல."

அதன் பிறகு என் மொழிபெயர்ப்பு தேர் மாதிரி ஓடியது. பேராதெனியப் பாலத்தைப் பற்றி, மதுரையில் இருந்து பெண்ணெடுத்த கண்டி ராஜாக்களைப் பற்றி, எல்லாம் மாத்தயா வாயில் புறப்பட்டு, அக்காவின் கிசுகிசுப்பில் தமிழாகி, என் மைக்கில் முழங்கியது. பெண்கள் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் அதை வாங்கிக்கொண்டேன்.

கண்டியில் பிள்ளையார் கோயிலில் பகல் பூசை. மாத்தயாவும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, திருநீற்றை நெற்றியில் வளைத்து வளைத்துப் பூசினார். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தண்ணீரில் குழைத்துப் பூசக் கற்றுக்கொடுத்தார்கள். மண்டபத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். மூன்று மணிக்குத் தலதா மாளிகை வாசலில் கூட வேண்டும் என்று நேரம் குறித்தார் மாத்தயா. நானும் இந்திராணி அக்காவும் பார்சலைத் தொடாமல் கிளம்பினோம்.

குளத்தைச் சுற்றி நடந்து, மேட்டுத் தெருவொன்றில் ஏறும்போதுதான் கதையைச் சொன்னாள். ஒன்பது வயதில் அவளை அந்த வீட்டில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். நோனா என்கிற வீட்டுக்காரம்மாவும் ஒரு கைப்பிள்ளையும். பிள்ளையைச் சூட்டி என்று கூப்பிடுவாளாம். சின்னவன் என்று அர்த்தம். நோனா அடித்ததில்லை, சோறு குறைத்ததில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒருநாள் நோனா யாரையோ பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

"மழ பேஞ்சு விட்டிருந்துச்சு தங்கச்சி. மண்ணு மணந்துச்சு. அப்பிடியே எங்க தோட்டத்து லயத்து வீட்டு வாசல் மணம். புள்ள தூங்கிட்டிருந்தான். நடந்து போய்ப் பஸ் ஏறிட்டேன்."

"புள்ளய விட்டுட்டா?"

"விட்டுட்டுத்தான். அந்த வீட்டுல மாடிப்படி செங்குத்தா இருக்கும். ரூம் கதவுக்கு வெளிய கொக்கி. நான் அதப் போட்டேனா போடலையான்னு, இருபத்தெட்டு வருசமா நெனச்சுப் பாக்குறேன், நெனப்பு வரமாட்டேங்குது. எங்க அப்பா பயந்துகிட்டு இந்தப் பக்கமே வரல. கண்டிக்கு நான் எத்தனையோ தடவ வந்துட்டேன். இந்தத் தெரு முக்கு வந்தா காலு திரும்பிரும்."

அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூவரையும் தொட்டிலில் விட்டுத் தூரம் போனதே இல்லையாம். கொழுந்தெடுக்க மலைக்குப் போனாலும், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவுக்குள் விட்டு, ஆயாவிடம் கதவைச் சாத்தச் சொல்லி, சாத்தியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போவாளாம்.

வீடு அப்படியே இருந்தது. கேட்டைத் தட்டினேன். வெள்ளை முடியை இழுத்துக் கட்டிய ஒரு பெண்மணி வந்தார். அக்கா என் கையை நசுக்கினாள். அவ்வளவு சிங்களம் தெரிந்தவளின் வாயில் ஒரு சொல் வரவில்லை. நான்தான் பேச வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த நாலு சொல்லையும் கூட்டினேன்.

"அம்மே, மேயா இஸ்ஸர மெஹே வெட களா." இவர் முந்தி இங்கே வேலை செய்தவர்.

அந்த அம்மா அக்காவையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இந்து?" என்றார்.

அக்கா கேட்டது ஒரே ஒரு சொல்தான். "சூட்டி?"

அந்த அம்மா உள்ளே போனார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அவர் கையில் சட்டம் போட்ட ஒரு போட்டோ. மீசையும் தொப்பையுமாக ஒரு மனிதர், பக்கத்தில் மனைவி, மடியில் இரண்டு பிள்ளைகள். அக்கா போட்டோவை வாங்கி, மீசைமேல் விரலை வைத்துப் பார்த்து, "அடப்பாவி, இவனையா நான் இடுப்புல வச்சுத் திரிஞ்சேன்" என்று தமிழில் சொன்னாள். பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். அந்த அம்மாவும் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்குப் பிடிபட்டது 'வெவ' என்ற சொல் மட்டும்தான். குளம் என்று அர்த்தம். அந்த அம்மா கையை நீட்டிக் கீழே குளத்தைக் காட்டிக் காட்டித் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். இதில் குளம் எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பி இறங்கும்போது கேட்டேன்.

"கொக்கி போட்டுத்தான் இருந்துச்சாம் தங்கச்சி. அவங்க வர்றவரைக்கும் முழிக்கவே இல்லையாம்." மூக்கை உறிஞ்சினாள். "அவங்க தேடுனது என்னயத்தானாம். நான் குளத்துல விழுந்துட்டேன்னு நெனச்சாங்களாம். ஆள விட்டுத் தேடுனாங்களாம். என்னைய அங்க வேலைக்குக் கூட்டிட்டு வந்து விட்ட ஆளு அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகலையாம், வேற யார்கிட்டக் கேக்க? இன்னிக்கும் குளத்துப் பக்கம் போனா நடைய வெரசா போட்டுருவாங்களாம். சின்னப் புள்ளகிட்ட இன்னொரு புள்ளய விட்டுட்டுப் போனேனே, தப்பு என்மேலதான்னு சொல்றாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன்."

அந்த அம்மா தோட்டத்து அரலிய மரத்தில் இருந்து ஒரு பை நிறையப் பூ பறித்துக் கொடுத்திருந்தார். நம் கோயில் வாசல்களில் நிற்கிற அதே வெள்ளைப் பூ மரம்தான். அரை மணி நேரம் பிந்தி ஓடி வந்தோம். மாளிகை வாசலில் நாற்பதில் ஒன்று குறைவதாக எண்ணி எண்ணிப் பார்த்துக் கலங்கி நின்றார் விமலசேன மாத்தயா. திட்டினார். அந்தத் திட்டு எனக்கு மொழிபெயர்ப்பில்லாமலே விளங்கியது.

மாளிகையில் பாதிப் பூவை வைத்தாள் அக்கா. மீதியைப் பக்கத்தில் பத்தினி தேவாலயம் என்கிற கோயிலுக்குக் கொண்டுபோனாள். அங்கே எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பத்தினி என்றால் கண்ணகி என்று மாத்தயா தொடங்கி, அந்தப் பெயர் காதில் விழுந்ததுமே, பெண்கள் அவரை விடவில்லை. சிலம்பு உடைத்ததில் இருந்து ஊர் எரிந்தது வரை ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். இந்திராணி அக்கா எழுந்து, ஒளிவு மறைவில்லாமல், அத்தனையையும் சிங்களத்தில் அவருக்குச் சொன்னாள். அழுது சிவந்த கண்ணும் கணீரென்ற குரலும். மாத்தயா குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். அவளுக்கு இவ்வளவு சிங்களம் தெரியுமென்று கூட வேலை செய்தவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

நான் மாட்டிக்கொண்டேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் ஏறுமுன் மாத்தயா என்னை நிறுத்தி, எனக்கு விளங்கட்டும் என்று சிங்களத்தில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். "மகளே, நீ நல்லா மொழிபெயர்த்தாய். முக்கியமாக, உனக்குப் பின்னால் இருந்த வாய்." அப்புறம் தமிழில், "வணக்கம்" என்றார். முதலாளியிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமே நான் ஒழுங்காகச் சிங்களம் படிக்கப் போனேன். படித்துத் தேறும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் இந்திராணி அக்கா எனக்குப் பின் இருக்கையில் வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மேட்டுத் தெருவுக்கு அவள் தனியாகவே போய் வந்தாள். ஒருமுறை சூட்டியும் வந்திருந்தாராம். "தொப்பையப் பாத்துத் திட்டிட்டு வந்தேன்" என்றாள்.

முதலாளி நாலைந்து வருடத்தில் சுற்றுலாவை விட்டுவிட்டார். மாடியில் இப்போது டியூசன் வகுப்பு. மாத்தயா காலமாகிவிட்டார். அந்த நோனாவும் போய்ச் சேர்ந்தார். வீட்டை விற்று, அங்கே ஹோட்டல் எழுந்திருக்கிறது. அக்கா நீர்கொழும்பில் மகளோடு இருக்கிறாள். பௌர்ணமிப் போயா நாட்களில் போன் செய்வாள், சுகமாகத்தான் இருக்கிறாள்.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பஸ்ஸின் கூரையைப் பறக்கவிட்ட பெண்களின் பிள்ளைகள் கொழும்பிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். நல்லதுதான், யார் குறை சொல்வது? அந்த மலையில் மேல்பாதியைக் காடு மூடிவிட்டது. கீழ்ப்பாதியில் மட்டும் பெண்கள் சிலர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ரோட்டில் நின்று எண்ணிப் பார்த்தேன். அவர்களை இப்போது கண்டிக்குக் கூட்டிப்போக ஒரு வேன் போதும். அதிலும் பின்வரிசையில் இடம் மிஞ்சும்.