முக்கால் மில்லிமீட்டர் மெதுவாகப் பாடியவர்

“யாரும்மா இது?” என்று பெரியப்பா கேட்டார்.

“உங்க ரெக்கார்டுதான் பெரியப்பா. அதே ஏழு பாட்டு. கீறல் சத்தம் இல்லாம ஃபோன்ல கெடச்சுது.”

“பாட்டு அதேதான். ஆளு யாருன்னு கேக்கறேன்.”

“அதே பாடகர்தான்.”

“இல்ல. இவன் சின்னப் பையன். பஸ்ஸ விட்டுடுவோம்னு ஓடறவன் மாதிரி பாடறான். என் ஆளு இப்படி ஓட மாட்டாரு.”

“ஒருவேளை உங்க பிளேயர் மெதுவா சுத்துதோ என்னவோ.”

“அதுல இருக்கறது நான் கடைஞ்சு போட்ட புல்லி,” என்றார். மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். எப்போதும் அப்படித்தான் இருப்பாள். அன்று என்னவோ அவருடைய பிளேயரில் நாலாவது பாட்டைப் போட்டு, ஃபோனில் நேரம் பார்த்தாள். உறையில் மூன்று நிமிடம் ஐம்பது நொடி என்று அச்சடித்திருந்தது. பிளேயர் நாலு நிமிடம் ஐந்து நொடி எடுத்துக்கொண்டது. கணக்கை அவரிடம் நீட்டினாள்.

பெரியப்பா எழுந்து போய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். அதற்குள் விரிசல் விட்ட பழைய பிளாஸ்டிக் புல்லி இருந்தது. மோட்டாரிலிருந்து பெல்ட்டை ஓட்டுகிற சின்னச் சக்கரம். இருபத்தாறு வருடங்களுக்கு முன் அது உடைந்தபோது, மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அதே அளவில் பித்தளையில் ஒன்றைக் கடைந்து மாட்டியிருந்தார். மயிரிழை பிசகவில்லை. பிசகாததுதான் வினை.

“தேஞ்சு போனத அளந்திருக்கேன்,” என்றார். “முக்கால் மில்லிமீட்டர் தேய்மானம். அதையும் சேத்துக் கடைஞ்சிருக்கேன். புல்லி சின்னதானா தட்டு மெதுவாத்தான் சுத்தும். நேத்து வேலைக்குச் சேந்தவன்கூட இதப் பண்ண மாட்டான்.”

முப்பத்தெட்டு வருடம் ஒரே பட்டறையில் லேத் ஓட்டியவர் அவர். வீட்டில் அவருக்கு மைக்ரோமீட்டர் என்றுதான் பட்டப்பெயர். கல்யாணம் கூடி வரவில்லை. வராததைப் பற்றி அவரும் யாரிடமும் கேட்கவில்லை. மாடியில் இரண்டு அறை, ஒரு நாற்காலி. யாராவது வந்தால் அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நாற்காலியைத் தருவார்.

அந்த ரெக்கார்டை அவர் தேடிப்போய் வாங்கவில்லை. பெல்ட் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், “இதையும் எடுத்துட்டுப் போங்க சார், ரெண்டு வருஷமா நாய்கூட மோந்து பாக்கல,” என்று சும்மா கொடுத்தது. உறையில் எட்டுப் பேர் ஒரு பேருந்தில் சாய்ந்து நிற்பார்கள். நடுவில் நிற்கிற பாடகரின் முகத்தைப் பக்கத்திலிருப்பவரின் டிரம்பெட் மறைத்துவிட்டது. அதனால் ஒரு முகத்தைப் பெரியப்பாவே கற்பனையில் வைத்துக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து வந்த ஆள், கையில் எண்ணெய்ப் பிசுக்கு, தன் வயது.

தினமும் ஆறு மணிக்கு வந்து கை கழுவி, சட்டையை மாட்டிவிட்டு, முதல் பக்கத்தைப் போடுவார். “அண்ணன் வீட்ல மாவு மெஷின் ஓட ஆரம்பிச்சாச்சு,” என்பார் அவளுடைய அப்பா. பாட்டின் மொழி பெரியப்பாவுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அர்த்தம் சொல்லட்டுமா என்று ஒருமுறை கேட்டாள்.

“எதுக்கு? அவரு என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியும்.”

இப்போது பிளேயரும் ரெக்கார்டும் அவள் அறையில் இருக்கின்றன. அந்தத் தொகுப்பைப் பற்றி இணையத்தில் தேடினால் இரண்டே வரி கிடைக்கிறது: அந்த வருடத்தின் சுமாரான வெளியீடு, குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. எழுதியவர் நாலாவது பாட்டுவரை கேட்டிருக்க மாட்டார். அதில் பாதியில் பேஸ் கிடார் சட்டென்று நின்றுவிடும். கைதட்டல் மட்டும் எட்டு முறை. தரையைக் காலடியிலிருந்து யாரோ உருவிக்கொண்டதுபோல இருக்கும். பிறகு பேஸ் திரும்ப வருகிறபோது, ஒரு துளி தாமதித்து, கூப்பிட்டதும் ஓடி வராதவரின் கௌரவத்தோடு வரும். கடைசிப் பாட்டின் முடிவில் பாடகர் வார்த்தைகளை விட்டுவிட்டு முனகுவார்; நாற்காலி கிரீச்சிடும். அதைத் துடைத்தெடுக்க யாருக்கும் தோன்றாதது நம் அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் அவள் பெரியப்பாவிடம் சொன்னதில்லை. அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்யப் போன அன்று பிளேயரின் மூடியில் விரலால் எழுதுகிற அளவு தூசி. அந்த வீட்டில் வேறெங்கும் தூசி இல்லை. தகர டப்பாவில் புதிதாகக் கடைந்த புல்லி ஒன்று, காகிதத்தில் சுற்றியபடி, பெல்ட் பட்ட தடமே இல்லாமல் இருந்தது. அவள் அளந்து பார்த்தாள். பழையதைவிட முக்கால் மில்லிமீட்டர் பெரிது. சரியான அளவு.

அதற்கு ஐந்து வாரம் முன்பு அவர் அவளுடைய அலுவலகத்துக்கு ஃபோன் செய்திருந்தார். அவள் ஒரு கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள். அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். அடுத்த வாரமும் போகவில்லை.

“புதுப் புல்லி ரெடிம்மா,” என்றார் அவர். “இன்னும் மாட்டல. முன்னபின்ன தெரியாத ஆளு பாரு, தனியா உக்காந்து கேக்க ஒரு மாதிரியா இருக்கு. நீ வந்து கூட உக்காரேன். ஒண்ணும் பேச வேணாம்.”